என் தொகுதியைச் சேர்ந்த

"உக்காரு உக்காருன்னு சொல்லிகினே கீறா, ஒருத்தனாவது உக்கார்றானா பாரு."

"அவ சொல்லலம்மா. மேல நாற்காலில இருக்காரே, அவைத்தலைவர், அவரு இந்தியில சொல்றாரு. அத இவ தமிழ்ல மாத்திச் சொல்றா."

"யார் சொன்னா இன்னா? உக்காரணுமா வேணாமா?"

"உக்காரணும்."

"அப்ப ஏன் நின்னுகினு கீறானுங்க?"

"திருப்பதி பஸ்ஸுக்கு சீட்டு புடிக்கிறானுங்க," என்றார் ஜெகநாதன் அண்ணன், ஜெராக்ஸ் மெஷினுக்குள் தாள் அடுக்கிக்கொண்டே. "பஸ்ஸுன்னா அடிச்சிகினு ஏறினாலும் கடசில கெளம்பிடும். இது கெளம்பவே மாட்டேங்குது கெங்கம்மா."

அம்மா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் முழங்கையைத் தொடையில் ஊன்றி, கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெகநாதன் அண்ணனின் ஜெராக்ஸ் கடை திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. நான் அங்கே வேலை செய்கிறேன். டைப் அடிப்பது, பாஸ்போர்ட் போட்டோ வெட்டுவது, பஸ், ரயில் டிக்கெட் போடுவது. மக்களவைக் கூட்டத்தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து அம்மா கரும்புத் தோட்டத்தில் களை எடுக்கப் போவதை விட்டுவிட்டு, காலையில் கனகம்மாசத்திரத்தில் என்னோடு பஸ் ஏறிவிடுகிறாள். கடையின் இரண்டாவது கணினியில் நேரலை ஓடும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெண்ணின் குரல் வரும்.

"மாண்புமிகு உறுப்பினர்கள் தங்கள் இருக்கைகளுக்குச் செல்லுங்கள். கேள்வி நேரம் முக்கியமான நேரம். பதாகைகளைக் காட்டாதீர்கள். நாடு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது."

அவ்வளவு கூச்சலிலும் அவள் குரல் மட்டும் தனியாக, தெளிவாக இருந்தது. மத்தியான வேளையில் காலி வகுப்பறையில் ஒருத்தி பாடம் வாசிப்பதைப் போல. அவளை ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்து நான் கற்பனை செய்துகொண்டேன். காதில் கருவி, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அத்தனை பேர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். அவளிடம் அந்தச் சத்தம் போய்ச் சேர்வதில்லை.

"அவை பகல் பன்னிரண்டு மணி வரை ஒத்திவைக்கப்படுகிறது."

திரையில் கட்டடமும் கொடியும் வந்தன. வீணை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"பன்னெண்டுக்கு மறுபடியும் கூடும். அதுக்கு அப்புறந்தான் நம்மளது."

நம்மளது என்றால் என் அண்ணன் விஜயன் விஷயம்.

விஜயன் டிப்ளமா முடித்தவன். ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தான். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொன்னதை நம்பிப் போனான். விமான நிலையத்திலிருந்து காரில் ஏற்றி, விடியும்வரை ஓட்டி, ஒரு ஆற்றங்கரையில் இறக்கிப் படகில் ஏற்றினார்கள். அந்தப் பக்கம் வேறு நாடு. "நம்ம கொசஸ்தலை ஆத்தவுட சின்னது அபி," என்று பிறகு சொன்னான். "தண்ணி இருந்துச்சு. அதான் வித்தியாசம்." ஆற்றைத் தாண்டினால் முள்கம்பி வேலிக்குள் கட்டடங்கள். அங்கே உட்கார்ந்து, முகம் தெரியாத வெளிநாட்டுக் கிழவர்களிடம் பெண் பெயரில் அன்பாகப் பேசி ஏமாற்ற வேண்டும். ஏமாற்ற முடியாத நாளில் அடி. யாரோ ஒளித்து வைத்திருக்கும் போனிலிருந்து எப்போதாவது குரல் செய்தி அனுப்புவான். பின்னால் எப்போதும் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.

அவன் இருக்கும் கட்டடத்திலிருந்து வேறு மாநிலத்துப் பையன்கள் சிலரை ஒருநாள் வெளியே விட்டார்கள். அவர்களுடைய எம்.பி. அவர்கள் பெயர்களை மக்களவையில் சொன்ன வீடியோ அந்த வேலிக்குள்ளேயே வந்து சேர்ந்திருந்தது. விஜயன் அதைத் தன் கண்ணால் பார்த்தான்.

"பேரு வெளிய வந்தவன விக்க மாட்டாங்க அபி. பயப்படறாங்க. எங்கள மழ வுட்டதும் மலைக்கு மேல வேற கம்பெனிக்கு விக்கப் போறாங்களாம். அங்க போனா போன் கெடையாது, ஒண்ணும் கெடையாது. இப்ப மண்ணு ரோடு சேறா கீது, லாரி ஏறாது. அதுக்குள்ள என் பேர சொல்லச் சொல்லு. பேரு மட்டும் சொன்னா போதும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த ஊரின் வானிலையைத்தான் முதலில் பார்ப்பேன். மழை என்று போட்டிருந்தால் மூச்சு விடுவேன். இங்கே ஆடி மாதக் காற்று கடைக்குள் புழுதியை வாரிக் கொட்டிக்கொண்டிருக்க, நான் எங்கேயோ ஒரு மலைப்பாதையில் சேறு காயாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனுக்கள் எல்லா இடத்துக்கும் போயிருந்தன. எல்லா இடத்திலிருந்தும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருந்தது. எங்கள் எம்.பி. மட்டும் அம்மாவை எதிரில் உட்காரவைத்து முழுதாகக் கேட்டார். பூஜ்ய நேரத்தில் பேசுகிறேன் என்றார். பன்னிரண்டு மணிக்கு மேல் அவசர விஷயங்களைச் சொல்லும் நேரம் அது. முந்தின நாளே எழுதிக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் பெயர் வர வேண்டும். பெயர் வந்த நாளில் அவை நடக்காவிட்டால் அது அதோடு போயிற்று. மறுபடியும் எழுத வேண்டும், மறுபடியும் குலுக்கல்.

பன்னிரண்டு மணிக்கு அவை கூடியது. நாற்காலியில் வேறொருவர் இருந்தார். "பட்டியலில் உள்ள ஆவணங்கள் அவையில் வைக்கப்படுகின்றன," என்றாள் அந்தப் பெண். ஒரு அமைச்சர் எழுந்தார், உட்கார்ந்தார். இன்னொருவர் எழுந்தார், உட்கார்ந்தார். "ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கான அறிவிப்புகள் எதையும் அவைத்தலைவர் அனுமதிக்கவில்லை." அவ்வளவுதான், எல்லோரும் மறுபடி நடுவுக்கு இறங்கிவிட்டார்கள்.

"அதோ, நம்மாளு!" அம்மா திரையில் விரலை வைத்தாள்.

எங்கள் எம்.பி.தான். அவரும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் பதாகை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சுந்தரமூர்த்தி சார் கடைக்குள் வந்தார். எம்.பி.யின் உள்ளூர் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர். கக்கத்தில் ஒரு கட்டு மனு. எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி வேண்டும் என்றார். அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இன்னா சார் இது? நம்மாளே கத்திகினு நிக்கிறாரு."

சுந்தரமூர்த்தி சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கட்சி முடிவும்மா. ஒரு விஷயத்தப் பத்தி விவாதம் வேணும்னு கேக்குறாங்க. அவங்க தர மாட்டேங்கிறாங்க. இவரு மட்டும் சீட்ல உக்காந்துகினு இருந்தா கட்சியில கேப்பாங்க இல்ல?"

"இவங்க கத்தறதாலதான் சபை நடக்கல. சபை நடக்காததால என் புள்ள பேர சொல்ல முடியல. இவரே கத்தினா எப்டி?"

"அவங்க கேட்டத குடுத்துட்டா கத்த மாட்டாங்கம்மா."

"செரி, எப்டியும் கத்துறாரு. என் புள்ள பேர சொல்லி கத்தச் சொல்லுங்க."

ஜெகநாதன் அண்ணன் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சுந்தரமூர்த்தி சார் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மனுக்கட்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்டி சொன்னா குறிப்புல ஏறாதும்மா. மைக் இருக்கணும். தலைவர் கூப்புட்டிருக்கணும்."

"அவை நாளை காலை பதினொரு மணி வரை ஒத்திவைக்கப்படுகிறது," என்றாள் கண்ணாடி அறைப் பெண். கோபமோ சலிப்போ எதுவும் இல்லாத குரல்.

"பாவம், இவளுக்குத்தான் ஒரு வேலையும் இல்ல," என்றாள் அம்மா. "இவ மைக்க மட்டும் யாரும் நிறுத்தறதில்ல பாரு."

"எலக்சன்ல நிக்கச் சொல்லு, ஓட்டுப் போடலாம்," என்றாள் வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாள். அவளும் எங்கள் ஊர்தான். அம்மாவோடு களை எடுப்பவள். ஆடிக் கிருத்திகை வந்தால் மட்டும் திருத்தணிக்கு வந்து பூ விற்பாள்.

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் சில நாள்கள்தான் இருந்தன. சந்துமுனை வரை மூங்கில் கட்டித் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஆந்திராவிலிருந்து வேன் வேனாக மஞ்சள் வேட்டிகள் வந்து இறங்கின. கடையில் மூச்சு விட நேரமில்லை. தங்கும் அறை கிடைக்குமா, சித்தூருக்குக் கடைசி பஸ் எது, குழந்தைக்குப் போட்டோ எடுக்கணும், போனில் சார்ஜ் இல்லை. ஒவ்வொருவருக்கும் தெலுங்கிலும் தமிழிலும் பதில் சொல்லிக்கொண்டே ஒரு காதை இரண்டாவது கணினியிடம் வைத்திருந்தேன்.

எங்கள் எம்.பி.யைப் பேச அழைத்தது பரணிக்கு முந்தின நாள்.

அன்றும் நடுவில் ஆட்கள் இருந்தார்கள். அன்றும் பதாகைகள். ஆனால் நாற்காலியில் இருந்தவர், என்ன நினைத்தாரோ, கூச்சலுக்கு நடுவிலேயே பூஜ்ய நேரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஒருவர் தன் ஊர் மேம்பாலம் பற்றி ஏதோ சொன்னார். இன்னொருவரை அழைத்தபோது அவர் எழவில்லை. அடுத்து எங்கள் எம்.பி.யின் பெயர். அவர் பதாகையை யார் கையிலோ திணித்துவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினார். அம்மா என் தோளைப் பிடித்தாள். அவளுடைய நகம் பதிந்தது.

திரையில் அவர் பெயர் வந்தது. ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் தமிழிலேயே ஆரம்பித்ததால் கண்ணாடி அறைப் பெண் பேசவில்லை. முதல்முறையாக அவர் குரலே நேராக வந்தது.

"தலைவர் அவர்களே, என் தொகுதியைச் சேர்ந்த..."

அதே நொடியில் நடுவில் யாரோ யார் மீதோ காகிதங்களைக் கிழித்து எறிந்தார்கள். ஆளாளுக்கு எழுந்தார்கள். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டே ஏதோ சொன்னார். சிவப்பு விளக்கு அணைந்தது. எங்கள் எம்.பி.யின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு கையை நீட்டி, கண்ணை இடுக்கி, முழு மூச்சோடு அவர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவை பிற்பகல் இரண்டு மணி வரை ஒத்திவைக்கப்படுகிறது."

வீணை.

"சொல்லிட்டாரு," என்றாள் அம்மா.

"இல்லம்மா. மைக் நின்னுடுச்சு. பேரு வரல."

"வாய் அசஞ்சுச்சே. பாத்தல்ல? நம்ம வூட்டுப் புள்ள பேரத்தான் சொன்னாரு. வேற யார் பேர சொல்லப் போறாரு?"

"சொல்லியிருப்பாரு. ஆனா கேக்கல."

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். படித்தும் ஒன்றும் தெரியாத பெண்ணைப் பார்ப்பதைப் போல. "ஏண்டி, கிருத்திகைக்கு மலைல அர்ச்சன பண்றமே. பேரு, நட்சத்திரம் சொல்லி தட்ட நீட்டறோம். அந்தக் கூட்டத்துல, அரோகரா சத்தத்துல, அய்யிரு நம்ம பேர சொல்றது என்னிக்காவது உன் காதுல வுழுந்திருக்குதா? அவரு வாய் அசையும், தீபத்த காட்டுவாரு, துண்ணூற குடுப்பாரு. வந்துடுவோம். கேக்கலன்னு யாராவது திரும்பிப் போயி கேட்டிருக்கமா? போவ வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேந்துடும். நமக்கு எதுக்குக் கேக்கணும்?"

ஒரு நிமிஷம் அவள் சொன்னது சரி என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு பெரிய கட்டடம், அத்தனை பேர், எழுதிக்கொள்வதற்கென்றே கீழே ஆள்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் காதிலாவது விழுந்திருக்காதா? அதற்குள் ஒரு குடும்பம் நெல்லூருக்கு டிக்கெட் கேட்டு வந்துவிட்டது. அவர்களுக்கு முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. வாசலில் கோவிந்தம்மாளின் கூடை மட்டும், மேலே ஈரச்சாக்கு போர்த்தி இருந்தது.

அம்மாவின் வேண்டுதல் எனக்குத் தெரியும். விஜயன் கிருத்திகை நட்சத்திரம். அவன் பெயரை சபையில் சொல்லிவிட்டால், சொன்ன அன்றைக்கே மலையேறி முடி இறக்குவதாக அம்மா முருகனிடம் சொல்லியிருந்தாள். இடுப்புக்குக் கீழே வரும் முடி. கரும்புத் தோகையில் சிக்கிக்கொள்ளும் என்று தோட்டத்தில் கேலி செய்வார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு இரண்டு பேரும் வந்தார்கள். முதலில் கோவிந்தம்மாளைத்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் சின்னத் தலையோடு, சந்தனம் பூசி, காது இரண்டும் பெரிதாகத் தெரிய ஒரு பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். அம்மா அவ்வளவு சின்னவளாக இருப்பாள் என்று நான் நினைத்ததில்லை.

"ஆச்சு," என்றாள். "குடுத்துட்டேன். தல எவ்ளோ லேசா கீது தெரியுமா."

"நாவிதர் கேக்கறாரு, இவ்ளோ முடியா, வேண்டுதல் பெருசான்னு," என்றாள் கோவிந்தம்மாள். "உங்கம்மா சொல்றா, என் புள்ள பேர டில்லில சொல்லிட்டாங்கன்னு. அந்தாளு கத்திய வச்சிட்டு கும்புடறாரு."

அம்மா துண்ணூறு மடித்த தாளைப் பிரித்து ஜெகநாதன் அண்ணன் நெற்றியில் பூசினாள். பிறகு என் நெற்றியில். "புள்ளைக்கும் சொல்லிட்டேன்," என்றாள்.

"யாருக்கு?"

"விஜயனுக்குத்தான். மலை மேல நின்னுகினே போன்ல பேசி அனுப்பிட்டேன். சொல்லிட்டாங்கடா, பயப்படாதன்னு."

நான் மக்களவை இணையதளத்தைத் திறந்தேன்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பு இருட்டுவதற்குள் இணையத்தில் ஏறிவிட்டது. எங்கள் எம்.பி.யின் பெயர், அவர் தொகுதி, தலைவர் அவர்களே, என் தொகுதியைச் சேர்ந்த. அதற்குப் பிறகு புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவில் அடைப்புக்குள் இடையூறு என்ற ஒரே வார்த்தை. மறுபடி புள்ளிகள். அவை இரண்டு மணி வரை ஒத்திவைக்கப்பட்டது.

சுந்தரமூர்த்தி சாருக்குப் போன் செய்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "பதிவாகலம்மா. சார் ரொம்ப வருத்தப்பட்டாரு. நாளைக்கு மறுபடியும் எழுதிக் குடுக்கறாரு."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் கை மெதுவாக மேலே போய், தலையில் பட்டு, அங்கே எதுவும் இல்லாததால் சற்றுத் தடுமாறி, கழுத்தில் வந்து நின்றது.

"அப்ப அந்த முடி?" என்றாள்.

நான் போனை மேஜையில் வைத்தேன்.

"குடுத்துட்டனே அபி. இனிமே வேண்டிக்கினா இன்னா குடுக்கறது? எங்கிட்ட வேற இன்னா கீது?"

ஜெகநாதன் அண்ணன் எழுந்து போய் டீ வாங்கி வந்தார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மேலே ஆடை படிந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது விஜயனின் குரல் செய்தி வந்தது. இந்த முறை பின்னால் தண்ணீர் சத்தம் இல்லை. அவன் ஒளிந்துகொண்டு பேசவில்லை.

"அபி, அம்மா சொன்னத நம்பி மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். என் பேரும் பார்லிமெண்ட்ல வந்துடுச்சுன்னு. அவன் சிரிக்கறான். காட்டு, வீடியோவ காட்டுன்றான். காட்டினா வுட்டுடறானாம். பொய்யா இருந்தா... அத வுடு. சீக்கிரம் அனுப்பு. இங்க வெய்யில் அடிக்குது அபி."

அன்று வானிலைப் பக்கத்தைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

நேற்றைய நேரலையிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தேன். எம்.பி. எழுகிறார். தலைவர் அவர்களே, என் தொகுதியைச் சேர்ந்த. விளக்கு அணைகிறது. வாய் அசைகிறது. திரும்பத் திரும்ப ஓட்டினேன். உதடுகள் சேர்ந்து விலகும் ஒரு இடத்தில் விஜயன் என்றுதான் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. அடுத்த முறை பார்த்தால் அது வேறு எந்தப் பெயராகவும் இருக்கலாம் போல இருந்தது.

ஜெகநாதன் அண்ணன் என் பின்னால் வந்து நின்றார். "இப்பல்லாம் யார் குரல்ல வேணா எது வேணா பேச வைக்கிறாங்களே. அந்த எடத்துல பேர நாமளே வச்சிட்டா?"

"கண்டுபுடிச்சிடுவாங்கண்ணா. அங்க அவங்க தொழிலே அதுதான்."

அவர் தாள் அடுக்கப் போய்விட்டார். நான் விஜயனுக்கு நெட் மெதுவாக இருக்கிறது, அனுப்புகிறேன் என்று எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அன்று பரணி. மக்களவை கூடியதும் ஒத்திவைக்கப்பட்டது, கூடியதும் ஒத்திவைக்கப்பட்டது. சாயங்காலம் சுந்தரமூர்த்தி சார் கூட்டத்தில் இடிபட்டு, செருப்பு ஒன்று அறுந்து, நடந்தே கடைக்கு வந்தார். அம்மாவின் தலையைப் பார்த்ததும் பேச வந்ததை மறந்துவிட்டு நின்றார்.

"சார் இன்னைக்கு அவைத்தலைவர் அறைக்கே போயிட்டாரும்மா," என்றார் பிறகு. "பேரு மட்டும் சொல்லிடறேன், அரை நிமிஷம் குடுங்கன்னு கேட்டிருக்காரு. அவரும் நல்லவிதமாத்தான் பேசினாராம். அவை ஒழுங்கா இருந்தா மொதல்ல உங்களத்தான் கூப்புடறேன்னாராம். நாளைக்கு சார் நடுவுல எறங்கல. கட்சியில சொல்லிட்டாரு. அவர் சீட்லயே நிப்பாரு."

"மத்தவங்க?" என்றாள் அம்மா.

"மத்தவங்களுக்கு அவர் எப்டிம்மா சொல்ல முடியும்?"

ஆடிக் கிருத்திகை அன்று சந்துக்குள் காற்றுகூட நுழைய முடியவில்லை. மலை அடிவாரத்திலிருந்து பேருந்து நிலையம் வரை பூக்காவடிகள். ஜெகநாதன் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். நாங்கள் மூவரும் உள்ளே குனிந்து உட்கார்ந்துகொண்டு திரையைப் பார்த்தோம். வெளியே அரோகரா அலையலையாக எழுந்தது. சத்தம் அதிகமாகும்போது நான் ஒலியைக் கூட்டினேன். வெளியே நகர்ந்த கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் குனிந்து தூக்கிவிட்டுக்கொண்டு முன்னால் போனார்கள்.

பதினொரு மணிக்குக் கூடி, உடனே பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். பன்னிரண்டு மணிக்கு அவைத்தலைவரே வந்து உட்கார்ந்தார். நடுவில் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் முன்போல் இல்லை. எங்கள் எம்.பி. தன் இடத்தில் நின்றார். வலது கையை உயர்த்தியிருந்தார். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை உயர்த்துவதைப் போல, நேராக.

"நிக்கறாரு பாரு," என்றாள் அம்மா. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவைத்தலைவர் ஒரு தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். கண்ணாடி அறைப் பெண் அவரைத் தொடர்ந்தாள். "மாண்புமிகு உறுப்பினர்களே, இந்தக் கூட்டத்தொடரின் நிறைவுக்கு நாம் வந்திருக்கிறோம்."

"நிறைவா?" என்றார் ஜெகநாதன் அண்ணன். "அடுத்த வாரம் வரைக்கும் இல்ல?"

நான் சுந்தரமூர்த்தி சாருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அம்மாவின் போன் மேஜையில் அதிர்ந்தது. விஜயன். குரல் செய்தி அல்ல, அழைப்பு. இதுவரை அவன் அழைத்ததே இல்லை. நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்ப அடித்தால் மணி போகவில்லை.

"அவன்தானே?" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆங்."

எத்தனை மசோதாக்கள் நிறைவேறின, எத்தனை ஆவணங்கள் வைக்கப்பட்டன, எத்தனை மணி நேரம் இடையூறுகளால் வீணாயிற்று என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அமைச்சர்களுக்கு நன்றி, கட்சித் தலைவர்களுக்கு நன்றி, ஊழியர்களுக்கு நன்றி. எங்கள் எம்.பி.யின் கை இறங்கவில்லை. கேமரா அவரை அவ்வப்போது தாண்டிச் சென்றது.

"இப்போது வந்தே மாதரம் இசைக்கப்படும். உறுப்பினர்கள் எழுந்து நிற்கவும்."

எல்லோரும் நின்றார்கள். நடுவில் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே விறைத்து நின்றார்கள். பதாகைகள் தாழ்ந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் அத்தனை பேரும் தலை நிமிர்த்தி, அசையாமல், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை நாளில் முதல்முறையாக அங்கே அமைதியாக இருந்தது. எங்கள் எம்.பி. சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு உயர்த்தியிருந்த கையை மெல்ல இறக்கி உடலோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லலாமே," என்றாள் அம்மா மெதுவாக. "எல்லாரும் சும்மாத்தானே நிக்கிறாங்க. இப்ப சொன்னா கேக்குமே."

"பாட்டு நடக்கும்போது பேசக் கூடாதும்மா."

இசை முடிந்தது. "அவை காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுகிறது," என்றாள் அந்தப் பெண். நாற்காலியில் இருந்தவர் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார். உறுப்பினர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கும்பல் கும்பலாகக் கலைந்தார்கள். சற்றுமுன் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தியவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார்கள். வீணை இன்னும் ஆரம்பிக்கவில்லை. யாரோ போட மறந்திருக்க வேண்டும். ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு சின்னச் சத்தம். யாரோ தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலை மேஜை மேல் வைத்ததைப் போல.

அம்மாவும் அதைக் கேட்டாள். ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குனிவதைப் போலக் குனிந்தாள். முந்தானை சரிந்து, சந்தனம் காய்ந்து வெடித்த தலை தெரிந்தது.

"பொண்ணே, நீ இன்னும் எழுந்து போவல இல்ல? உன் மைக்க யாரும் நிறுத்தல இல்ல? பேரு விஜயன். கிருத்திகை நட்சத்திரம். ஊரு கனகம்மாசத்திரம். போறதுக்குள்ள ஒரே ஒரு தபா சொல்லிட்டுப் போ தாயே."